திரும்பி வந்த தாம்பாளம்

அன்றைக்கும் மாரீஸ்வரன் கல்லூரிக்குக் கிளம்பிவிட்டான்.

குளித்து, தலைசீவி, சட்டையின் கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டு, பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். கல்லூரிக்கு வரவேண்டாம் என்று சொல்லி ஒரு வாரத்துக்கு மேலாகிவிட்டது. அது அவனுக்குப் புரியவில்லை என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். புரிந்தும்தான் கிளம்புகிறான் என்பது அவன் அம்மா வீரலட்சுமிக்கு மட்டும் தெரியும். அந்த நேரத்துக்கு அந்தப் பஸ்சில் இல்லாவிட்டால் அவனுக்கு அந்த நாளே தொடங்காது.

பால்காரர் கேனை இறக்கி வைத்துவிட்டு, "என்னப்பு, காலேசுக்கா?" என்று கேட்டார்.

மாரீஸ்வரன் அவருடைய கால்களைப் பார்த்தபடி சொன்னான்: "நான் தப்புப் பண்ணிட்டேன். மன்னிச்சிருங்க."

பால்காரர் சிரித்துக்கொண்டே பாலை ஊற்றினார். உள்ளே வீரலட்சுமியின் கையில் தோசைக்கரண்டி அப்படியே நின்றது.

"ஆரம்பிச்சிட்டான்," என்றாள் மகாராணி. வீரலட்சுமியின் கணவனுக்கு அண்ணன் மனைவி அவள். "நேத்து பேப்பர்காரன்கிட்ட, முந்தாநா கரண்டுக்காரன்கிட்ட... தெருவே சிரிக்குது லட்சுமி. உள்ள கூட்டியாந்து ஒக்கார வையி."

"கூப்பிட்டா வரமாட்டான்க்கா. பஸ்சு போகட்டும். தானா வந்துருவான்."

பஸ் போனது. அவன் திரும்பி வந்து பையை ஆணியில் மாட்டிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான்.

போடியில் அந்த வீட்டுக்குக் கூரை ஒன்று, அடுப்பும் ஒன்று. மூத்தவர் வெள்ளைத்துரை. மலைமேல் இருக்கும் ஏலத்தோட்டம் அவர் பொறுப்பில் இருந்தது. பஜாரில் இரண்டு பேருக்குள் தகராறு என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் பேசி முடித்து, ஒரு தரப்பு இன்னொரு தரப்புக்கு வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காயோடு தாம்பாளம் கொடுத்துவிட்டால் பிறகு அதைப் பற்றி யாரும் வாய்திறக்கக்கூடாது. கொடுத்த தட்டு வாங்கியவர் வீட்டிலேயே தங்கிவிடும். அவருடைய தம்பி, வீரலட்சுமியின் கணவன் தங்கபாண்டி, அண்ணனின் ஜீப்பை ஓட்டினான். விடிவதற்குள் வேலைக்காரப் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறினால் பொழுது சாயத்தான் இறங்குவான். மகனுக்கு ஆட்டிசம் என்று மதுரை டாக்டர் சொன்ன நாளிலிருந்து அந்தச் சொல்லை அவன் வாயால் உச்சரித்தது கிடையாது. "அவனுக்கு வேகம் கம்மி," என்பதோடு நிறுத்திக்கொள்வான்.

மகனைக் கல்லூரியில் சேர்த்தது வீரலட்சுமிதான். புவியியல் படிப்பு. வரைபடம் என்றால் அவன் மணிக்கணக்கில் பார்ப்பான். பாடங்களில் சிலவற்றில் தேறினான், சிலவற்றில் தவறினான், மற்ற பிள்ளைகளைப் போலத்தான். முதல் வருடம் முழுக்க அவள் அவனோடு பஸ்சில் போய், வாசலில் இருந்த வாகை மரத்தடியில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். மகன் படிக்கிறானா அம்மா படிக்கிறாளா என்று மாணவர்கள் கேலி பேசியதுண்டு. ஏலக்காய் தரம் பிரிக்கும் ஷெட்டில் பார்த்துக்கொண்டிருந்த வேலையையும் இதற்காக விட்டிருந்தாள். இரண்டாம் வருடம் தொடங்கி ஒரு மாதம் கழித்து, ஒருநாள் அவன் தனியாகப் போய்த் தனியாகத் திரும்பினான். அன்றைக்கு அவள் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் அடுப்படியில் நின்று அழுதாள்.

அந்தத் தனிப் பயணத்தைத்தான் இப்போது பறித்துவிட்டார்கள்.

நடந்தது இவ்வளவுதான். கல்லூரியின் பழைய கட்டடத்தில் மாடிப்படிக்கு மேலே மின்சார மணி இருந்தது. அந்தச் சத்தம் மாரீஸ்வரனுக்கு மண்டைக்குள் ஆணி அடிப்பது போல. துறை ஆசிரியை அனுசியா அதைத் தெரிந்துகொண்டு, மணி அடிப்பதற்கு முன்பே அவனை வெளியே அனுப்பிவிடுவார். அன்று அவர் விடுப்பு. அவருக்குப் பதிலாக வந்தவருக்கு விஷயம் தெரியாது. உட்காரு என்று அதட்டி உட்கார வைத்துவிட்டார். வகுப்பு கலைந்து எல்லோரும் ஒரே நேரத்தில் படியில் இறங்கும்போது அவன் தலைக்கு மேல் மணி அடித்தது. அவன் கையில் கிடைத்ததைப் பிடித்தான். கிடைத்தது முன்னால் இறங்கிக்கொண்டிருந்த முத்துப்பிரியாவின் மணிக்கட்டு. வளையல் உடைந்து ரத்தம் வந்தது. அவள் அலறினாள். மணி நிற்கும் வரைக்கும் அவன் விடவில்லை. யாரோ அதைக் கைப்பேசியில் பிடித்தார்கள். சாயங்காலத்துக்குள் அது போடி முழுக்கப் போய்விட்டது.

பெண் பக்கத்து ஊரான தேவாரத்துக்காரி. அப்பா கன்னையன் விவசாயி. தெரிந்ததும் வெள்ளைத்துரை அதிர்ந்துதான் போனார். ஆனால் அவருக்கு வழி தெரியும். பேசி முடிக்கவேண்டும், அவ்வளவுதான். என்ன நடந்தது என்று வீரலட்சுமியை அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அவருக்கு நேரே நின்று பேசியது கிடையாது. எதுவானாலும் மகாராணி வழியாகத்தான்.

அதற்கடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமையை அவளால் இப்போதும் மறக்க முடியவில்லை.

அன்று ஜீப்புக்கு ஓய்வு. முற்றத்தில் ஏலக்காய் புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தபோது மொட்டைமாடியில் தங்கபாண்டியும் மாரீஸ்வரனும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவன் ஏதோ சொல்கிறான், மகன் திருப்பிச் சொல்கிறான். சொன்னதும் கையில் ஒரு கடலைமிட்டாய். தலையைத் தடவிக்கொடுக்கிறான். மறுபடி சொல்கிறான். அப்பனும் மகனும் அப்படி உட்கார்ந்து அவள் பார்த்ததேயில்லை. இடையில் போய் அதைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. குழிப்பணியாரம் சுட்டு, தட்டில் வைத்து, மாடிப்படியில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் இறங்கி வந்தாள்.

மறுநாள் பையனைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போவதாகச் சொல்லி அண்ணனும் தம்பியும் ஜீப்பில் கிளம்பினார்கள்.

கல்லூரியின் விசாரணையில்தான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. முதல்வர் அவனைப் பார்த்து, அன்னைக்கு என்னப்பா நடந்தது என்று கேட்டார். அவன் அவருடைய ஷூவைப் பார்த்துச் சொன்னான்: "நான் தப்புப் பண்ணிட்டேன். மன்னிச்சிருங்க."

அனுசியா எழுந்து, சார், அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததைத் திருப்பிச் சொல்கிறான் என்றார். முதல்வர் கெட்டவர் இல்லை, களைத்த மனிதர். "மேடம், இவன் சொன்னத விடுங்க. இவங்க வீட்டுப் பெரியவரே பொண்ணு வீட்டுல போய்த் தட்டு வச்சு, கால்ல விழுந்து, நடந்தது தப்புன்னு ஒத்துக்கிட்டு வந்திருக்காரு. நான் என்ன பண்றது?"

வீரலட்சுமி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடலைமிட்டாய் எதற்கு என்று அப்போது புரிந்தது.

இதெல்லாம் முடிந்து ஒரு வாரம். பஸ் போன அந்தக் காலையில், சாப்பிட உட்கார்ந்த வெள்ளைத்துரை மனைவியிடம் சொல்வது போலச் சொன்னார். நாளை மறுநாள் போய் டி.சி.யை வாங்கிவிடப் போவதாகவும், பையன் இனி மலைமேல் ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில் விறகு அடுக்கிக்கொண்டு இருக்கட்டும் என்றும். அங்கே மணியும் இல்லை, பெண்பிள்ளைகளும் இல்லை.

மகாராணி வீரலட்சுமியின் முகத்தைப் பார்த்தாள். வீரலட்சுமி தோசையைத் திருப்பிப் போட்டாள். அடுப்பை அணைத்துவிட்டு, புடவை மாற்றிக்கொண்டு, தேவாரம் பஸ்சில் ஏறினாள்.

கன்னையன் அவளை உள்ளே கூப்பிடவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. மக்காச்சோளக் காட்டுக்கு யானை வந்து போயிருந்தது. அந்தச் சோலியாக வெளியே கிளம்பிக்கொண்டிருந்தவர் திண்டாடி நின்றார். அவள் அவரிடம் பேசவில்லை. கதவோரம் நின்ற பெண்ணைத்தான் கேட்டாள்.

"ஆத்தா, நீ என்ன சொன்னாலும் நான் கேட்டுக்கிறேன். எம்புள்ள ஒன்னயத் தப்பான எண்ணத்துல தொட்டானா?"

முத்துப்பிரியா மணிக்கட்டைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். "இல்லம்மா. நான் மொதல்ல பயந்துட்டேன். ரொம்ப வலிச்சுச்சு. அப்புறம் திரும்பிப் பாத்தா... அவன் கண்ண மூடியிருந்தான். கையி சில்லுன்னு, கெடந்து நடுங்குச்சு. எங்க வீட்டு ஆட்டுக்குட்டிய இடி இடிக்கையில தூக்குனா அப்படித்தான் நடுங்கும். வீட்டுக்கு வந்ததுமே அப்பாகிட்ட சொன்னேன்."

"சொன்னியா?"

"சொன்னுச்சும்மா," என்றார் கன்னையன். குரல் இறங்கியிருந்தது. "நானும் சரின்னு விட்டுருப்பேன். மூணாம் நாளு உங்க பெரியவரு தாம்பாளத்தோட வந்து நெடுஞ்சாண்கிடையா விழுந்துட்டாரு. பையனும் தப்புப் பண்ணிட்டேன்னு சொல்லுறான். ஒண்ணும் நடக்காமலா அம்புட்டுப் பெரிய மனுசன் வந்து விழுவாரு? ஊரே பாத்துச்சு. தட்ட வாங்கிட்டேன். இப்பப் போயி எம்பொண்ணு ஒண்ணும் நடக்கலன்னு சொன்னா, அப்ப எதுக்குத் தட்டு வாங்குனேன்னு கேக்க மாட்டாங்களா? இவளையும் இனிமே காலேசுக்கு அனுப்புறதா இல்ல."

ஒரு தட்டு இரண்டு பிள்ளைகளின் படிப்பைத் தின்றிருந்தது. கொடுத்தவர் திரும்பப் பெறாமல் வாங்கியவர் வாய்திறக்க வழியில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அவள் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள்.

விளக்கு வைக்கிற நேரம். வெள்ளைத்துரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தங்கபாண்டி ஜீப்பிலிருந்து இறங்கி முகம் கழுவிக்கொண்டிருந்தான். வீரலட்சுமி நேரே போய் அவர் முன்னால் நின்றாள்.

"மாமா."

மகாராணி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். அந்தக் குரல் அவரை நோக்கி அந்த வீட்டில் எழுந்ததேயில்லை.

"நீங்க தேவாரத்துல குடுத்த தட்டத் திருப்பி வாங்கிட்டு வரணும்."

அவருக்குக் கோபம் வர நேரம் பிடித்தது. "குடுத்த தட்ட வாங்குறதா? என்ன பேசுறோம்னு தெரிஞ்சுதான் பேசுறியா? குடும்பத்துக்காகக் கண்டவன் கால்ல விழுந்துட்டு வந்திருக்கேன். அதுக்கு இதான் மரியாதையா?"

"நீங்க விழுந்தது குடும்பத்துக்காகத்தான் மாமா. இல்லேங்கல. ஆனா எம்புள்ள செய்யாத தப்புக்கு விழுந்துட்டீங்க. என்ன நடந்துச்சுன்னு ஒரு வார்த்த... ஒரு வார்த்த என்னயக் கேட்டிருக்கலாம்ல?"

"நான் சொன்ன சொல்ல மாத்துனேன்னு தெரிஞ்சா நாளைக்குப் பஜாருல எவன் என்னய மதிப்பான்?"

"உங்க சொல்லுக்காக எம்புள்ள வாயில அந்தச் சொல்ல வச்சுத் திணிச்சுட்டீங்களே."

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "நீங்களாச்சும்... இத்தன வருசத்துல ஒரு நா ஒக்காந்து பேசுனீங்க அவங்கூட. நான் கீழ நின்னு சாமி கும்பிட்டேன். பணியாரம் சுட்டுக் கொண்டாந்து வச்சேன். அதையும் குடுத்துக் குடுத்துத்தான அந்த மன்னிப்பச் சொல்லிக்குடுத்தீங்க?"

தங்கபாண்டி முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்கவில்லை. அண்ணன் சொன்னார், செய்தேன் என்று ஏதோ முனகினான்.

மறுநாள் காலை அவள் மகனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். சண்டை போடவில்லை, சாபம் விடவில்லை. மகாராணி கையைப் பிடித்து அழுதபோது, "நீங்க நல்லா இருங்கக்கா," என்று மட்டும் சொன்னாள். ஏலக்காய் பஜாருக்குப் பின்னால், அவள் முன்பு வேலை பார்த்த ஷெட்டை ஒட்டி ஓர் அறை கிடைத்தது. மறுபடி தரம் பிரிக்க உட்கார்ந்தாள். டி.சி.யை அம்மா கையெழுத்தில்லாமல் கொடுக்க முடியாது என்று அனுசியா எப்படியோ தள்ளிப்போட்டு வைத்தார்.

பஜாரில் மாரீஸ்வரனை எல்லோரும் தெரிந்துகொண்டார்கள். கடைக்காரர்கள் வேண்டுமென்றே கூப்பிட்டு அந்த மன்னிப்பைச் சொல்லச் சொன்னார்கள். வியாபாரி ஒருவர் வெள்ளைத்துரையிடமே கேட்டார்: "என்னண்ணே, உங்க வீட்டுப் பையன் போறவாறவன்கிட்டயெல்லாம் மன்னிப்புக் கேக்குறானே, ஊருல ஒருத்தரையும் விட்டுவைக்கலையா?" சுற்றிலும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அந்த வாரத்திலேயே ஒருநாள் பகல். வெள்ளைத்துரை ஏலக்காய் லோடு இறக்குவதைப் பார்த்தபடி தெருவில் நின்றார். ஷெட் வாசலில் மாரீஸ்வரன். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மணி அடித்தது. வீரலட்சுமி முறத்தைப் போட்டுவிட்டு எழுந்து வருவதற்குள் அவன் தெருவுக்குப் போய்விட்டான்.

காதைப் பொத்துவான் என்று நினைத்தாள். அவன் பொத்தவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, இடுப்பில் சுற்றி, முடிச்சை இடப்பக்கம் தள்ளிவிட்டான். வெள்ளைத்துரை முன்னால் நீட்டிப் படுத்தான். இரண்டு கையையும் தலைக்குமேல் சேர்த்தான். வலது கன்னத்தைத் தரையில் வைத்தான், பிறகு இடது கன்னத்தை. அச்சு அசலாக அவர் தேவாரத்தில் விழுந்த மாதிரி. அவருடைய முடிச்சு, அவருடைய கை. மண்ணில் வாய்பட அவன் சொன்னான்: "நான் தப்புப் பண்ணிட்டேன். மன்னிச்சிருங்க."

லோடு இறக்கியவர்கள் மூட்டையோடு நின்றார்கள்.

"எந்திரி அப்பு," என்றார் வெள்ளைத்துரை. "பெரியப்பாடா... எந்திரிடா."

அவன் எழவில்லை. மணி நின்ற பிறகும் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. தூக்கக் குனிந்தவர் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். அது எவ்வளவு சில்லிட்டிருந்தது என்று அவர் கை சொன்னது. பிடித்த கையை விடாமல் தெருவிலேயே அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலையில் வெள்ளைத்துரை வீரலட்சுமியின் அறை வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. "கெளம்பு ஆத்தா. தேவாரம் போவோம்," என்றார்.

கன்னையன் வீட்டு முன்னால் ஆட்கள் கூடினார்கள். முன்பு பார்த்தவர்கள் இப்போதும் இருக்கவேண்டும் என்று வெள்ளைத்துரையே சொல்லியனுப்பியிருந்தார். வெறுங்கையோடு நின்றார்.

"தட்டுக் குடுக்க வரல கன்னையா. வாங்கிட்டுப் போக வந்திருக்கேன். நான் விசாரிக்காம வந்து விழுந்துட்டேன். எங்க பையன் தப்பு ஒண்ணும் பண்ணல. உம்பொண்ணுக்கும் ஒரு கொறையும் இல்ல. கேட்ட மன்னிப்பத் திருப்பிக் குடு."

யாரோ பின்னால் சிரித்தார்கள். கொடுத்த தட்டைக் கேட்டு வாங்குகிற பெரிய மனுசன் என்று ஒரு குரல் வந்தது. அவர் காது சிவந்தது. ஆனால் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

தாம்பாளத்தை முத்துப்பிரியாதான் எடுத்துவந்தாள். புளிபோட்டுத் துலக்கியிருந்தாள். கன்னையன் அதை மகள் கையிலிருந்து வாங்கி அவரிடம் நீட்டினார். "நீங்க விழுந்ததப் பாத்துட்டு நான் எம்புள்ள சொன்னத நம்பாமப் போயிட்டேண்ணே," என்றார். சொன்னதும் மகளைப் பார்க்க முடியாமல் தலையைத் திருப்பிக்கொண்டார்.

மகாராணியும் சேர்ந்துகொள்ள, கல்லூரிக்கு எல்லோருமாகப் போனார்கள். முத்துப்பிரியா எழுதிக் கொடுத்தாள், பேசவும் செய்தாள். முதல்வர் நெடுநேரம் நெற்றியைத் தேய்த்தார். திங்கள்கிழமையிலிருந்து பையன் வரலாம் என்றார். விட்டுப்போன தேர்வுகளைப் பிறகு எழுதிக்கொள்ள வேண்டியதுதான். மாடிப்படி மணியை மாற்றுவது பற்றி மேலே எழுதுவதாகச் சொன்னார். அதுவரை அவனை முன்னதாக வெளியே விடவேண்டும் என்று எல்லா ஆசிரியர்களுக்கும் சொல்லப்பட்டது. அந்தக் கைப்பேசிப் படத்தை மட்டும் யாராலும் திருப்பி வாங்க முடியவில்லை. அது இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

வெளியே வந்ததும் மகாராணி வீரலட்சுமியைக் கட்டிக்கொண்டாள். "வீட்டுக்கு வா லட்சுமி. நீயில்லாம ஒம்புருசன் தட்டுல சோத்தப் போட்டுட்டுப் பெசஞ்சுக்கிட்டே ஒக்காந்திருக்காரு. வந்துருத்தா..."

வீரலட்சுமியும் அழுதாள். பெரியவரைப் பார்த்துக் கும்பிட்டாள். "வர்றேன்க்கா. சொல்லிக்குடுத்தவரு மொதல்ல அந்தச் சொல்ல அழிக்கட்டும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கபாண்டி அவர்கள் இருந்த அறையின் வாசலுக்கு வந்தான். கடலைமிட்டாய் கொண்டுவரவில்லை. வெறுமனே மகன் எதிரே உட்கார்ந்தான். "நான் தப்புப் பண்ணல," என்று சொல்லச் சொன்னான். மாரீஸ்வரன் வாய்திறக்கவில்லை. அவன் மறுபடி சொன்னான். வெயில் ஏறி, இறங்கும் வரைக்கும் சொன்னான். கடைசியில் அவன் சொன்னது மகனுக்காகவா தனக்காகவா என்று தெரியவில்லை. ஷெட்டுக்குள்ளிருந்து வீரலட்சுமி பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முறை பணியாரம் சுடவில்லை.

திங்கள்கிழமை தங்கபாண்டி ஜீப்பை எடுக்கவில்லை. மூன்று பேரும் அதே பஸ்சில் போனார்கள். கல்லூரி வாசலில் காவலாளி முனீஸ்வரன் எழுந்து வந்து, "வாப்பு, வந்துட்டியா?" என்றார்.

மாரீஸ்வரன் அவர் காலைப் பார்த்தான். உதடு அசைந்தது.

"நான் தப்புப் பண்ணல," என்றான் மாரீஸ்வரன். "மன்னிச்சிருங்க."

பையைச் சரிசெய்துகொண்டு உள்ளே நடந்தான். அனுசியா படியருகில் காத்திருந்தார்.

தங்கபாண்டி வாகை மரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே அடியில் உட்கார்ந்தான். வாய்விட்டு அழுதான். அது வீரலட்சுமி முதல் வருடம் முழுக்க உட்கார்ந்திருந்த இடம் என்று அவனுக்குத் தெரியாது. அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு முந்தானையை அவனிடம் நீட்டினாள்.

"பாதி அழிஞ்சிருச்சுல்ல. மிச்சத்துக்கும் நாளைக்கு ஒக்காருங்க."

உள்ளே மணி அடித்தது. தங்கபாண்டி தன்னையறியாமல் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான்.